கோரம்பாயில் செத்துப் பார்த்தவர்கள்

நாஞ்சில் நாட்டில் சொத்துள்ளவர்களில் பாதிப் பேரை, காலன் வருவதற்கு முன்பே ஒரு தடவை சாகடித்துப் பார்த்தவர் கோரம்பாய் அண்ணாச்சி. கோட்டாற்றுக் கடைத்தெருவில் மிளகு மண்டிக்கு மேல் மாடியில் உட்கார்ந்து ஆதாரம் எழுதுவார். பத்திரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உயில் எழுத வருகிறவரைக் கோரைப்புல் முடைந்த கோரம்பாயில் மல்லாக்கக் கிடத்தி, செத்தவராகவே பாவித்துத்தான் விசாரணையைத் தொடங்குவார். அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. நான் வாத்தியாராயிருந்த பள்ளியின் கணக்கு வாத்தியார் ஒரு நாள் கரும்பலகையோரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். பதினாறு கழிந்ததும் அவர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் ஒரு வெண்கலப் பானையோடு மாட்டுவண்டியில் பள்ளி வாசலைக் கடந்து போனார்கள். எங்களுக்கு அப்போது மருமக்கள்வழிதான் சட்டம். செத்தவர் இருந்த குடும்ப வீடு சகோதரியின் மகனுக்கு. மனைவி மக்கள் வெளியே. அந்த மருமகனும் கெட்டவன் அல்ல. அவனே வண்டி பேசி, வைக்கோல் விரித்து அனுப்பினான். சின்னக் குழந்தை என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனது. எனக்கும் இரண்டு பெண்கள். இதை எழுதும்போதும் அந்தக் கை கண்ணுக்குள் ஆடுகிறது.

முதலில் நாகர்கோவிலில் ஒரு பெரிய வக்கீலிடம்தான் ஓடினேன். சுவர் மறையப் புத்தக அலமாரி; அதைப் பார்த்தே இவர்தான் நமக்கு ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன். "வீடு சொந்தச் சம்பாத்தியமா?" என்றார். "ஆமாம், என் சம்பளத்தில் கட்டியது" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. வெல்வெட் நாடா கட்டிய, ஒரு வரியும் புரியாத உயில் வந்தது. என் மனைவி அதைத் தொடக்கூட இல்லை.

"கோரம்பாய் அண்ணாச்சிட்ட ஒருக்கா காட்டுங்க. மனசிலாவாத்த காயிதம்னா உங்களுக்கு உடனே பிடிச்சிருமே!"

அண்ணாச்சி உயிலைப் படிக்கவில்லை. பாயைத் தட்டி விரித்தார்.

"படும்வே வாத்தியாரே. மூச்சை இப்பிடி இழுக்காதயும், பொணத்துக்கு அது ஆவாது. செரி, செத்தாச்சு. முதல்ல ஆரு அழுவா?"

"எனக்க மூத்த மவ."

"சாவிக்கொத்தை ஆரு தேடுவா?"

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். "பொணம் கூச்சப்படுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போனார்.

"உம்மள எந்த வாசல் வழி எடுப்பாவ?"

"தெக்கு வாசல்."

"கெழக்கு வாசல்லா பெருசு? அதுவழி எடுத்தா என்ன?"

"அங்க குடும்பத்து நாகர் காவு, பாம்புச்சாமி இருக்கு. அதுக்க முன்னால பொணம் போவப்பிடாது."

குறித்துக்கொண்டே வந்த பேனா நின்றது.

"காவு எந்த மண்ணுல நிக்கு?"

"வீட்டு மனையிலதான்."

"அப்பம் மனை குடும்பத்து மண்ணுல்லா! நீரு கெட்டினது சுவரு மட்டுந்தான். சுவரைப் பிள்ளையளுக்கு எழுதிப்போட்டீரு, மண்ணு மருமவனுக்கு. அதுவ சுவரைச் சொமந்துக்கிட்டா வே போவும்?"

துள்ளி எழுந்து உட்கார்ந்தேன்.

"செத்தவன் எந்திரிக்கப்பிடாது, படும்!" என்று அதட்டினார்.

குடும்ப மனையில் சொந்தக் காசு போட்டு வீடு கட்டுவது எங்களில் எல்லோரும் செய்வதுதான். அது யாருடைய மண் என்று உயிரோடிருக்கும்வரை எவருக்கும் தோன்றுவதில்லை. வக்கீலுக்கும் தோன்றவில்லை. என் பிணம் போகும் வழியைக் கேட்டவருக்குத்தான் தோன்றியது.

நான் தனியாக வாங்கியிருந்த வயலை அக்காள் பக்கத்துக்குக் கொடுத்து, மனையை என் பெண்களுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வழி சொன்னார். அதற்கு அக்காள் மகனான என் மருமகனும் சம்மதிக்க வேண்டும். மறு வாரம் அவனை அழைத்துப் போனேன். அதிகம் பேசாதவன். மாடிப்படியில் அவனை முன்னால் ஏறவிட்டேன். அண்ணாச்சி விஷயத்தைச் சொல்லவே இல்லை, பாயை விரித்தார்.

"படு மக்கா."

"நான் எதுக்கு அண்ணாச்சி? சாவப்போறது மாமால்லா?"

"ஒனக்கும் தங்கச்சி மவன் உண்டுல்லா? படு."

படுத்தான்.

"முதல்ல ஆரு அழுவா?"

"எனக்க பய. ரெண்டு வயசு."

"பதினாறு கழிஞ்சா அவன் எங்க போவான்?"

மருமகன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தான். அண்ணாச்சி இந்த முறை அதட்டவில்லை.

"எங்க ஒப்பு போடணும் மாமா?" என்றான்.

அவனும் என் அக்காளும் கையெழுத்திட்ட அந்த ஆதாரம் இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. சட்டமும் பிறகு மாறிவிட்டது. ஆனாலும் மாதம் ஒரு தடவை அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

போன ஆவணியில் அண்ணாச்சி போய்விட்டார். அதே கோரம்பாயில்தான் கிடத்தியிருந்தார்கள். மற்றவர்கள் மாலை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். செத்தவன் எழுந்திருக்கக் கூடாது என்கிற தன் விதியை அவரே ஒரு தடவை மீறிவிட மாட்டாரா என்று, நான் மட்டும் அந்தப் பாயின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.