ஒரு விரலுக்கு ஒன்பது ஜாதகம்

அந்த வார்த்தையை இந்த ஊருக்குள் கொண்டுவந்து விட்டவள் நான்தானே. மாதா கோயில் வாசலில் நாலு பேர் கேட்கத் தம்பியின் கடிதத்தைப் படித்தேனே, எதற்கு? அவர்களுக்கு விஷயம் தெரியட்டும் என்றா, என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான் என்பது தெரியட்டும் என்றா?

தாய்சேய் நல விடுதியின் ஜன்னலில் நின்று நர்ஸ் இசபெல் இப்படித் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். விடுதிக்கு அன்று வந்தவை இரண்டு ஈக்கள். ஊர் முழுக்க எதிர்க் கொட்டகையில் நின்றது.

கொட்டகைக்குள் ‘கம்ப்யூட்டர் சாமி’ தனுஷ்கோடி. நெற்றியில் திருநீறு, கழுத்தில் டை. போன வருடம்வரை இருக்கன்குடித் திருவிழாவில் கைரேகை பார்த்தவர். 1968இல் விஞ்ஞானம் முன்னேறியது. அவரும் கூடவே முன்னேறிவிட்டார். பக்கத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. காகிதச் சீட்டில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பெயரெழுதி உள்ளே போட்டால் பச்சை விளக்கு எரியும், பெட்டி உறுமும், அட்டை ஒன்று வெளியே விழும். அதன் பெயர் உயிரணு ஜாதகம்.

“ஒங்க ஒடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு கம்பெனி. அதுல எந்தப் புரதம் செய்ய முடியாம சனி மறிச்சு நிக்கான்னு பெட்டி பாத்துச் சொல்லும்” என்பார்.

சனிக்கும் புரதத்துக்கும் என்ன பகை என்று ஒருவரும் கேட்கவில்லை. சிவகாசிச் சுற்றுவட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் சீசன் நேரம். வேலையை விட்டுப் பெண்கள் வர முடியாது. சாமி கருணை உள்ளவர். ஆள் வர வேண்டாம், ரத்தச் சீட்டு வந்தால் போதும் என்று சலுகை கொடுத்தார். கட்டணத்தில் மட்டும் சலுகை இல்லை.

தம்பி சத்தியநாதன் எழுதியது வேறு. உயிரணுவுக்குள் செய்தியிழை ஒன்று இருக்கிறது. அதன்மேல் ரைபோசோம் என்ற நுண்துகள்கள் வரிசையாக நகர்ந்து, செய்தியைப் படித்துப் படித்துப் புரதத்தைக் கோக்கின்றன. முன்னால் போவது தயங்கினால் பின்னால் வருபவை எல்லாம் நின்றுவிடுமா? கண்ணால் பார்க்க வழியில்லாததால் கம்ப்யூட்டருக்குள் பாவனையாக நடத்திப் பார்க்கிறார்கள். ‘அது எங்கள் ஊகத்தைத்தான் ஓட்டிக் காட்டும், அக்கா. போன மாதம் ஊகமே தப்பு. ஒரே எண்களை இரண்டு தடவை கொடுப்போம். வேறு வேறு விடை வந்தால் எங்கோ பிழை என்று மெஷினை நிறுத்திவிடுவோம்.’

ஊருக்கு இதில் ஒரு சொல்தான் ஞாபகம் இருந்தது. கம்ப்யூட்டர். ‘ஊகம்’, ‘தப்பு’, ‘பிழை’ எல்லாம் கோயில் வாசலிலேயே உதிர்ந்துவிட்டன.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இருளம்மாள் தன் நான்கு வயது மகள் சண்முகத்தாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். பிள்ளையின் கால்கள் வீங்கியிருந்தன. தலைமுடி செம்பட்டை பாய்ந்திருந்தது. இசபெல் அந்தக் காலில் விரலை அழுத்தி எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது.

“என்ன குடுக்கே பிள்ளைக்கு?”

“கஞ்சித் தண்ணியும் சாமி குடுத்த பொடியும். ரெண்டு மாசமாச்சு நர்சம்மா. கடலை, பயறு, முட்டை எதுவும் ஆகாதுன்னு பெட்டி சொல்லிருச்சு.”

புரதக் குறைவுக்குப் பத்தியம், புரதம் சாப்பிடாமல் இருப்பது. இசபெலுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது.

“பிள்ளைக்கு எங்க குத்தி ரத்தம் எடுத்தே?”

இருளம்மாள் தரையைப் பார்த்தாள்.

“பிள்ளைக்குக் குத்த மனசு வரல்ல. எங்கூட குச்சி அடுக்குற கருப்பம்மாதான் தன் வெரல்ல எடுத்துக் குடுத்தா. எனக்கு மட்டுமில்ல, எங்க ஆபீசுல ஒம்பது பேருக்கும். யார்ட்டயும் சொல்லிராதீக. பெட்டிய ஏமாத்துன பாவம் வந்துரும்.”

தீப்பெட்டி ஆபீசில் ஒருத்திக்குக் குச்சி அடுக்கிய சட்டங்கள் கணக்கில் குறைந்தால் பக்கத்தில் இருப்பவள் தன்னுடையதை அவள் கூலி டோக்கனில் போட்டுவிடுவாள். ரத்தத்தையும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும், பாவம் எதுவும் வராது என்று இசபெல் தேற்றி அழைக்க, ஒன்பது பேரும் கொட்டகைக்குப் போனார்கள். இசபெல் அவர்களின் அட்டைகளைச் சாமியின் மேசையில் பரப்பினாள். ஒருத்திக்கு ஈரல் புரதம் குறைவு. ஒருத்திக்கு அதே புரதம் மிகுதி. ஒருத்திக்கு ஆண் வாரிசு யோகம்.

“ஒம்பது சீட்டுலயும் இருந்தது ஒரே ஆள் ரத்தம். எது நெசம்னு சொல்லுங்க” என்றாள்.

சாமி டையைச் சரிசெய்தார்.

“ரத்தம் ஒண்ணா இருந்தா என்ன? பேரு வேற, ராசி வேற. பெட்டி பேர வச்சுத்தான் கணிக்கும்.”

கருப்பம்மாள் முன்னே வந்தாள். தழும்பேறிய விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“அப்பம் ரத்தம் எதுக்குவே கேட்டீரு? பேரு எங்க வாயிலயே இருந்துச்சுல்லா?”

முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் கொட்டகையே சிரித்தது. நாகையா என்ற வண்டிக்காரர் பெட்டியின் பின்தகரத்தை நெம்பினார். உள்ளே ஒரு பச்சை பல்பு, மேசை விசிறியின் மோட்டார், முன்கூட்டியே அச்சடித்து அடுக்கிய அட்டைக் கட்டுகள். நம்மூரில் அச்சாபீசுக்கா பஞ்சம்! திரும்பிப் பார்த்தால் சாமியைக் காணோம். மதுரை பஸ் புறப்படும் நேரம் அவருக்குப் பெட்டியைக் கேட்காமலே தெரிந்திருந்தது.

மறுநாள் காலை விடுதி வாசலில் கூட்டம். இசபெல் மகிழ்ந்தாள், அவர்கள் கைகளைப் பார்க்கும்வரை. ஆளுக்கொரு காகிதச் சீட்டு. இந்த முறை அவரவர் ரத்தம். இருளம்மாள் முதலில் நீட்டினாள்.

“நேத்துப் பிள்ளைக்கு நானே குத்தி எடுத்தேன் நர்சம்மா. அது கள்ளப் பெட்டி. ஒங்க தம்பிகிட்ட இருக்கது நெசப் பெட்டியாமே, அதுக்கு அனுப்பி விடுங்க. அது முட்டை குடுக்கச் சொன்னா இன்னைக்கே குடுத்துருதேன்.”

ஒரு பொய் போதும். தம்பி பெயரைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் இந்தக் குழந்தை வயிற்றில் ஒரு முட்டை விழும். ஊர் அவளைக் கையெடுத்துக் கும்பிடும். நாக்கு நுனிவரை வந்த அந்தப் பொய்யின் இனிப்பு இசபெலைத் திடுக்கிட வைத்தது. தனுஷ்கோடியும் இப்படி ஒரு காலையில்தான் ஆரம்பித்திருப்பாரோ?

“கடலையும் முட்டையும் நிறுத்துன பெறகு பிள்ளைக்குக் கால் வீங்குச்சு. அத மொதல்ல பாத்தது யாரு?”

“நாந்தான்.”

“எந்தப் பெட்டி வச்சுப் பாத்தே?”

இருளம்மாள் மகளின் காலைத் தடவினாள்.

“தம்பி பெட்டி அவன் யோசிச்சதத்தான் கணக்குப் போடும். நீ யோசிக்க வேண்டியத எந்தப் பெட்டியும் யோசிக்காது. பிள்ளைய உள்ள கொண்டா, பால் கரைச்சிருக்கேன்.”

“அப்பம் சீட்டு?”

“அனுப்ப மாட்டேன்” என்றாள் இசபெல், மெதுவாக.