நான் போடாமல் விட்ட அம்பு

ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் நான் சொன்ன கணிப்புகளில் ஒன்றே ஒன்றுதான் அச்சுப் பிசகாமல் பலித்தது. அது பலித்த அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாத்திரத்துக்குள் பல வேதிவினைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடக்கும்போது, எது எப்போது எவ்வளவு இருக்கும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வதுதான் வேலை. பொருளுக்கு ஒரு வட்டம், வினைக்கு ஓர் அம்பு, ஒவ்வோர் அம்புக்கும் ஒரு வேகம். (இதை நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்.)

புகுந்த வீடு கருமத்தம்பட்டியை ஒட்டிய தோட்டம். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் மாமனாரின் செல்லப்பிள்ளையான கோபர் கேஸ் தொட்டி இருந்தது. சாணத்தைக் கரைத்து ஊற்றினால் உள்ளே நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவாக்கும். மேலே கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம் மெல்ல உயரும். அதிலிருந்து குழாய் வழியாகச் சமையலறைக்கு வாயு வரும். என் வட்டங்களும் அம்புகளும் கண்ணெதிரே குமிழியிட்டுக் கொண்டிருந்தன. எனக்குக் கை அரித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து என் பிறந்த வீட்டார் இருபது பேர் முதல்முறையாக விருந்துக்கு வருவதாக ஏற்பாடு.

"இருவது பேருக்கு இந்த கேஸ் பத்தாது. சிலிண்டரையும் சேத்து வெச்சுக்கலாமுங்க" என்றார் மாமியார்.

சமையலில் ரசத்தைத் தாண்டாதவள் நான். என் அம்மா அப்பா முன்னால் இந்த வீட்டில் எனக்கும் ஒரு மரியாதை இருப்பதாகத் தெரிய வேண்டுமே! வாயைத் திறந்தேன்.

"சிலிண்டரே வேண்டாமுங்க அத்தை. மேட்டுப்பாளையத்துல எங்க அப்பாவோட மண்டியில கழிச்சுப்போட்ட உருளைக்கெழங்கு மூட்டை மூட்டையாக் கெடக்குதுங்க. அதை அரைச்சு ஊத்துனா ஞாயித்துக்கெழம ரெண்டு மடங்கு கேஸ் வருமுங்க."

"நெசமாவா அம்மணி?" என்றார் மாமனார்.

"கணக்குப் போட்டுப் பாத்துட்டேனுங்க மாமா."

போட்டிருந்தேன்தான். கிழங்கு சர்க்கரையாகும், சர்க்கரை அமிலமாகும், அந்த அமிலத்தை வேறொரு வகை நுண்ணுயிர்கள் எரியும் வாயுவாக்கும். அமிலமாக்கும் முதல் கோஷ்டிக்கு அவசரம் அதிகம், வாயுவாக்கும் பின்னது நிதானம். அமிலம் மிதமிஞ்சினால் நிதான கோஷ்டி வேலையையே நிறுத்திவிடும். அதைக் காட்ட அமிலத்திலிருந்து அவர்களை நோக்கி ஒரு தடுப்பு அம்பு போட வேண்டும். போட்டேன். கணினி நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்த நேரம் பார்த்து தோழிகள் டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். அம்பை எடுத்துவிட்டேன். வாயுவின் கோடு திரையில் ஜம்மென்று மேலேறியது.

அந்தப் படத்தை மாமா கொட்டகைக் கதவில் ஒட்டினார். அப்பா கிழங்கு அனுப்பினார். திங்கட்கிழமையிலிருந்து நானும் கணவரும் பழைய கிரைண்டரில் அரைத்து அரைத்து ஊற்றினோம். புதன்கிழமையே டிரம் கண்ணுக்குத் தெரிய உயர்ந்தது. அக்கம்பக்கத்தாரை மாமா கூட்டிவந்து காட்டினார். வெள்ளிக்கிழமை அடுப்பு மினுக் மினுக்கென்றது. பர்னரில் அடைப்பு என்று நான் ஊசியால் குத்திவிட்டேன். (நான்கு வருடப் படிப்பின் பயன்.) சனிக்கிழமை, விருந்துக்கு மிச்சம் பிடிக்கலாமென்று சிலிண்டரில் சமைத்தோம். சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்தில் வளைகாப்பு என்று சிலிண்டர் கேட்டு வந்தார்கள். "எங்க மருமக கணக்குப் போட்டு வெச்சிருக்குது, எங்களுக்கு எதுக்குங்க சிலிண்டரு?" என்று மாமா தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை டிரம் அதன் ஆயுளிலேயே காணாத உயரத்தில் நின்றது. அத்தை அடுப்பைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினார். உஸ்ஸென்று காற்று வந்து குச்சி அணைந்தது. எட்டுக் குச்சிகள் ஆயின.

"கேஸ் வருது, பத்த மாட்டீங்குது" என்றார் அத்தை.

தொட்டிப் பக்கம் ஓடினேன். புளித்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. அவசர கோஷ்டி அமிலத்தைக் கொட்டிவிட்டது, நிதான கோஷ்டி படுத்துவிட்டது. அமிலமாகும்போதும் ஒரு வாயு வரும், அது எரியாத வாயு. என் படத்தில் எல்லா வாயுவுக்கும் ஒரே வட்டம். ஆக, சொன்னபடி இரண்டு மடங்கு வாயு வந்திருந்தது. கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். அவ்வளவு வெட்கம்.

அத்தை தேடி வந்தார். "அழுதா அடுப்பெரியாது கண்ணு. வந்து மட்டையைப் பொளந்து போடு."

வாசலில் கல் கூட்டி, தென்னை மட்டையை எரித்துச் சமைத்தோம். பாதி சமையலில் வேன் வந்து நின்றது. முகமெல்லாம் கரியோடு நிமிர்ந்தேன்.

அப்பா மூக்கைச் சுருக்கினார். "அதென்னங்க சம்பந்தி புளிச்ச வாசம்? கேஸ் ரெண்டு மடங்கு வருமுன்னு புள்ள போன்ல சொல்லுச்சு, இங்க வெறகு எரியுது?"

நான் மாமாவைப் பார்த்தேன். கொட்டகைக் கதவில் படம் இல்லை, மடித்து அவர் சட்டைப்பையில் இருந்தது.

"கேஸ் டிரம் நெறைய நிக்குதுங்க, நீங்களே பாருங்க" என்றார் மாமா. "மொத விருந்து வெறகுல செஞ்சாத்தான் ருசின்னு உங்க புள்ளதான் கண்டிசனாச் சொல்லிப்போட்டுது."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா மட்டும் என்னையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு மறுபடி அழுகை வந்தது. நல்லவேளை, புகை இருந்தது.

டீ குடிக்கப் போகும் அவசரத்தில் ஓர் அம்பை எடுத்துவிட்டதை அன்றைக்கு ராத்திரியே மாமாவிடம் ஒப்புக்கொண்டேன். தொட்டி தேறி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அந்த அம்பைப் போட்டு, கணினியை அதன் இஷ்டத்துக்கு ஓடவிட்டேன். வெள்ளிக்கிழமை தீ மங்கும் என்று துல்லியமாகக் காட்டியது. என் ஆய்வேட்டில் எல்லோரும் பாராட்டிய அத்தியாயம் அதுதான்.

மாமா சொன்ன பொய் இன்னும் நடமாடுகிறது. அப்பா எப்போது இங்கே வந்தாலும், "புள்ள கையால வெறகடுப்புச் சோறு வேணுமுங்க" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். சமையலறையில் இரண்டு சிலிண்டர் இருக்க, நான் வாசலில் உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கமாக வரும் மாமா குனிந்து, அப்பா காதில் விழாமல் கேட்பார்:

"அம்பு போட்டாச்சுங்களா, அம்மணி?"