ஏக்கத்தால் கறுத்தவன்

என் மனைவியை மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வரவழைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். ஆனந்தலட்சுமி அங்கே தோல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் ஒரு வருஷமும் எட்டு மாசமும் ஆகிறது. பாறசாலை வீட்டில் இன்றும் கட்டிலின் என் பாதியில் மட்டுமே படுக்கிறேன். மறுபாதிக்கு உருள மனசு வரவில்லை.

கெஞ்சிப் பார்த்தேன். சிரித்தாள். மெலிந்து காட்டலாம் என்றால் பசி விடவில்லை. சரி, கறுத்துக் காட்டுவோம் என்று பத்து நாள் உச்சி வெயிலில் மொட்டை மாடியில் நின்றேன்.

பக்கத்து வீட்டுச் சரசம்மா அக்கா எட்டிப் பார்த்தாள்.

"எலே மக்கா, என்னத்த காயப் போட்டிருக்க?"

"என்னைத்தான் அக்கா."

"காக்கா கொத்தாம பாத்துக்கோ."

பதினோராம் நாள் வீடியோ காலில் முகத்தைக் காட்டினேன்.

"அத்தான், இது என்ன கறுப்பு?"

"உன்னை நினைச்சு நினைச்சு கறுத்துப் போனேன் லெட்சுமி. வெளியவே இறங்கல்ல."

"சட்டையக் கழத்துங்க."

கழற்றினேன். கழுத்துக்குக் கீழே வெள்ளைவெளேர்.

"ஏக்கம் காலரோட நிண்ணுட்டுதா?"

நான் சட்டையை மறுபடி மாட்டப் பார்த்தேன்.

"இது வெயிலாக்கும். மேல்தோலு செல்லுல வெயிலு பட்டா, அது அடியில உள்ள நிற செல்லுக்குத் தகவல் அனுப்பும். அது கறுப்புப் பொடி உண்டாக்கிக் கொடுத்துவிடும். மேல்தோலு செல்லு அத வாங்கி, தன் உட்கருவுக்கு மேல குடை மாதிரி பிடிச்சுக்கிடும். அதான் கறுக்குது."

"கூப்பிட்டா கொடுத்துருமா?"

"ரெண்டு மூணு நாளுல."

"கொடுத்து வச்ச செல்லு. பக்கத்துலயே ஆளு உண்டு. நான் இருபது மாசமா கூப்பிடுதேன்."

திரையில் அவள் கண் கலங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"டூட்டி முடிஞ்சு வந்தா, அறியாம ரெண்டு கட்டன் சாயா போடுதேன் அத்தான். ஒண்ணு அப்படியே ஆறிப் போவும்." மூக்கை உறிஞ்சினாள். "ஆமா, போன வருஷம் உங்களுக்கு விசா எடுக்கட்டாண்ணு கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"எனக்கு வெயிலு ஆகாதுண்ணு..."

"இப்ப எத்தன நாளு நிண்ணீங்க?"

"பத்து."

"ஒண்ணும் ஆகல்லேல்ல?"

"இல்ல."

"அப்போ பாஸ்போர்ட்ட எடுத்து வையுங்க. இங்க ஒரு வேலை பாத்து வச்சிருக்கேன். முழுசும் வெயிலுலயாக்கும்."

அவள் வாயால் நான் கேட்க ஆசைப்பட்ட "வாறேன்" என்ற ஒரே சொல்லை நானே சொன்னேன்.