சமையல்காரர் பெயரில் வரும் கண்ணாடி

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே தாங்களும், தங்கள் நிலையத் தலைவரும், தங்களைக் கொத்த வரும் கடற்பறவைகளும் நலம் என்று நம்புகிறேன்.

நீ தலைவரின் செயற்கைக்கோள் போனில் பேசியபோது பாதி காற்றாகவும் பாதி நீயாகவும் கேட்டது. உன் மூக்குக் கண்ணாடி பாறையில் விழுந்து நொறுங்கிவிட்டது என்பதும், கப்பல் வரும்போது புதுக் கண்ணாடி வராவிட்டால் அதே கப்பலில் உன்னை ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்பதும் மட்டும் தெளிவாகக் கேட்டன. அவர்களையும் குறை சொல்ல முடியாது. தூரத்துக் கப்பல் தெரிந்து, கையிலிருக்கும் கருவியின் முள் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு வானிலை நிலையம் நடத்த முடியுமா? இந்த வேலைக்காக நீ எத்தனை பேரிடம் கால் கடுக்க நின்றாய் என்று எங்களுக்குத் தெரியும். போனை வைத்ததும் அம்மா என்னைப் பார்த்தாள், அப்பா என்னைப் பார்த்தார். "நீதான் படிச்சவ, என்ன செய்யணும்னு சொல்லு" என்றார்கள். அண்ணா, நான் படித்தது தாவரவியல்.

கண்ணாடி இரண்டே நாளில் தயாராகிவிட்டது. அதை அம்மா கட்டியதுதான் பெரிய கதை. டப்பாவைத் துண்டில் சுற்றி, துண்டை எவர்சில்வர் தூக்கில் வைத்து, தூக்குக்குள் இடம் சும்மா இருக்கிறதே என்று நான்கு ஜோடி கம்பளிக் காலுறைகளைத் திணித்து, மேலே துணி போட்டுத் தைத்துவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் அஞ்சலகம் போனோம். அன்றைய பார்சல் மூட்டை கட்டிய பிறகு வரும் பார்சல் எதுவும் உன் கப்பலைப் பிடிக்காது, அடுத்த கப்பல் குளிர்காலம் முடிந்துதான் என்று முதல்நாளே சொல்லியிருந்தார்கள். வரிசையில் நின்றோம். உனக்குத்தான் என்னைத் தெரியுமே. ஒருவர் "அவசரம்மா" என்றார், விட்டேன். இன்னொருவர் ஒன்றும் சொல்லாமலே முன்னால் போனார், அவரையும் விட்டேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்படியே போனா நம்மளுக்கு முன்னாடி அந்தக் கப்பலே வந்து நின்னுடும்" என்றார்.

கவுண்டரில் இருந்த அம்மாள் பொட்டலத்தை ஆட்டிப் பார்த்து, "உள்ள என்னமோ ஆடுதே?" என்றார். நல்லவேளை, அம்மா கூட வரவில்லை. பிறகு "எந்த நாடு?" என்றார்.

"அது நாடு இல்ல மேடம். ஒரு நாட்டுக்குச் சொந்தமான தீவு."

சொன்னேன், எந்த நாடு என்று. அவர் சுவரிலிருந்த உலகப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அந்த நாடு அந்த மூலையில இருக்கு. தீவு இந்த மூலையில இருக்கு. இவ்வளவு தூரத்துல எதுக்கு வச்சிருக்காங்க?"

"தெரியல மேடம்."

பின்னாலிருந்து ஒருவர், "புடிச்ச எடத்த எவன்மா விடுவான்?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. கணினியின் பட்டியலில் உன் தீவு இல்லை. தீவின் அஞ்சல் குறியீட்டில் எழுத்துகள் இருப்பதால் அது எண் கேட்டு முரண்டு பிடித்தது. ஒருவழியாக அதைச் சரிக்கட்டியதும் கதவு எண் கேட்டது. "அங்க மொத்தமே ஒரே கட்டடம்தான் மேடம்" என்றேன். "அப்ப ஒண்ணுன்னு போட்டுடவா?" என்றார், பாவம். உள்ளே மூட்டைக்காரர் சாக்கை உதறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் நம் அப்பா கவுண்டருக்குள் தலையை நுழைத்தார். "அடையாளம் போடாம விடாதீங்கம்மா. நான் காலம் பூரா லாரி ஓட்டுனவன். அடையாளம் இல்லாத அட்ரஸ்ல லோடு எறக்குனதே கெடையாது."

"என்ன சார் அடையாளம்?"

"என் பையன் ரூம், சமையல்காரர் ரூமுக்கு எதுத்தாப்ல. கடல் பக்கம்."

"சார், தீவுல எல்லாமே கடல் பக்கம்தான்."

"அப்ப இன்னும் சுலபம்மா."

அந்த அம்மாள் சோர்ந்துபோய், அப்பா சொல்லச் சொல்லத் தட்டினார். சீட்டு வந்தது, ஒட்டினார், பொட்டலம் பின்னால் போனது. ரசீதை என் கையில் கொடுத்தார். வாசித்தேன். பெறுபவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சமையல்காரர்' என்று இருந்தது, அண்ணா! அப்பாவின் அடையாளம் உன் பெயரின் மேல் ஏறி உட்கார்ந்து, உன்னை அடியோடு அழித்துவிட்டிருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. பின்முற்றத்தில் வண்டி உறுமிக்கொண்டிருக்க, மூட்டைக்காரர் சாக்கின் வாயைச் சுருக்கிக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க!" என்று கத்தினேன். அப்பா பின்னாலேயே வந்து, "யாரும்மா கத்துனது?" என்று கேட்டார். மூட்டைக்காரர் கையை எடுக்காமலே சொன்னார்: "பிரிச்சா மறுபடி எடை போடணும், மேலதிகாரி கையெழுத்து வேணும். அவரு சாப்பிடப் போயிட்டாரு. வண்டி நிக்காது. எடுக்கவா, விடவா? சட்டுனு சொல்லும்மா." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்தால் கப்பல் போய்விடும். விட்டால் உன் கண்ணாடி இன்னொருவர் கைக்குப் போகும். "விடுங்க, போகட்டும்" என்றேன்.

தலைவரின் போனுக்கு இங்கிருந்து கூப்பிடவும் வழியில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கடிதப் பை விமானத்தில் போவதால், இது நாளைய பையில் போனாலும் துறைமுகத்தில் அதே கப்பலில் சேர்ந்துவிடும் என்று அந்த அம்மாள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். தபாலைப் பிரிக்கும்போது சமையல்காரர் பக்கத்தில் போய் நின்றுகொள். அவருக்கு இதுவரை ஒருவரும் பார்சல் அனுப்பியதில்லை என்று நீதானே ஒருமுறை சொன்னாய். அதுதான் எனக்குப் பயம். அடுத்தவர் பொருள் என்று திருப்பி அனுப்பினாலும் போச்சு, ஆசையாகப் பிரித்து உன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாலும் போச்சு. தலைவர் முன்னால் நின்று "இது என்னுது" என்று சொல்லு. வெட்கப்படாதே. நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள். ஆனால் பதமாகச் சொல்லு. ஏமாந்துபோவார் பாவம், காலுறையில் ஒரு ஜோடியை அவரிடம் கொடுத்துவிடு.

அப்பா உன்னைக் கடலோரம் அதிகம் போகாதே என்கிறார். வேறு எங்கே போவாய் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அம்மாவின் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. தலைவருக்கும் சமையல்காரருக்கும் எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: உறையில் போடுமுன் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பா "ஒரு சொல் விடல" என்று பாராட்டினார். அம்மா மட்டும், "எல்லாம் சரி, இத அவன் எத வச்சுப் படிப்பான்?" என்றாள். அந்தத் தீவில் நம் எழுத்து தெரிந்த ஒரே ஆள் நீதான், உனக்கோ கண்ணாடி இல்லை. ஆகவே மேலே உள்ளதை விட்டுவிடு. சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பார்த்தால் தெரிகிற மாதிரி, லாரியில் பெயர் எழுதும் பிரஷ்ஷால் அப்பா பின்பக்கத்தில் எழுதித் தருகிறேன் என்றார். எழுதியும் விட்டார். பின்பக்கம் முழுக்க 'உன்னுது' என்ற ஒரே சொல்தான் கொண்டது. எது உன்னுது என்று எழுத இடமில்லை. அண்ணா, அந்தக் கப்பலிலிருந்து எது இறங்கினாலும் என்னுதுதான் என்று சொல்லிவிடு.