மாலதிக்குப் பூஜ்யம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்னவர் கல்யாணம் ஆகாதவராகத்தான் இருக்க வேண்டும். ஆகியிருந்தால், வீட்டுக்குள் எதையெல்லாம் அளக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். (சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.)

எனக்குத் தென்னூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. அமெரிக்காவில் நர்ஸுகள் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அதற்கு நாங்கள் இங்கே உட்கார்ந்து பில் போடுவோம். பதினைந்து நிமிடம் ஒரு யூனிட். ஒரு தடவை போனது எட்டு நிமிடத்துக்குக் குறைவு என்றால் யூனிட்டே கிடையாது, பூஜ்யம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். பார்த்துக்கொண்டவள் என் மனைவி மாலதி. இடுப்பு வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். சென்னையில் இருக்கும் அக்கா இரண்டு மாதமாவது அப்பாவை வைத்துக்கொண்டால் இவள் கொஞ்சம் நிமிர்வாள். அக்காவும் அத்தானும் வரும்போது பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"வேற ஒண்ணும் வேணாங்க. என்னால முடியலைன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் மாலதி.

அதை மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நிபுணன் ஆயிற்றே! வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒரு வாரம் முழுக்க, அப்பாவின் அறைக்குள் யார் எப்போது போகிறார்கள், எப்போது வெளியே வருகிறார்கள் என்று குறித்து, ஆபீஸில் பயன்படுத்தும் அதே எக்செல் ஷீட்டில் ஏற்றினேன். விதியெல்லாம் அதில் ஏற்கெனவே இருந்தது. கூட்டினால் என்ன வருகிறது என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பாவை ரெண்டு மாசம் நீ வெச்சுக்கணும்க்கா. கணக்கைப் பார்த்துட்டே பேசுவோம்" என்றேன்.

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "என்ன மாப்ள, உனக்குத் தினம் நாலு யூனிட்டு போட்டிருக்கு. மாலதிக்குப் பூஜ்யம்னு இருக்கு?"

நானும் குனிந்து பார்த்தேன். தண்ணீர் கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, விரிப்பை மாற்றுவது என்று அவள் நாள் முழுக்க அந்த அறைக்குப் போய்வந்துகொண்டே இருந்தாள். ஆனால் ஒரு தடவைகூட எட்டு நிமிடம் நிற்க முடிந்ததில்லை. கஞ்சி ஊட்டுவதைக்கூட நடுவில் ஓடிப்போய்க் குக்கரை இறக்கிவிட்டு வந்து, மூன்று தவணையாகத்தான் ஊட்டுவாள். எனக்குக் கிடைத்த யூனிட்டெல்லாம் நான் அப்பாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு கிரிக்கெட் பார்த்ததற்கு.

"அப்போ இங்க பெரிசா வேலை ஒண்ணும் இல்லையேடா? அப்பாவை எதுக்கு அலைக்கழிக்கணும்?" என்றாள் அக்கா. அவளைக் குறை சொல்ல முடியாது. கூடப்பிறந்த தம்பியே போட்ட கணக்கு.

"இல்லக்கா, அது வந்து... விதி அப்படி..." என்று உளறிக்கொண்டிருந்தபோது உள்ளே அப்பா முனகினார். மாலதி எழுந்து போனாள். அவள் திரும்பி வந்தபோது அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். (சத்தியமாகச் சொல்கிறேன், பழக்கதோஷத்தில் நானும் பார்த்தேன்.)

மாலதி எங்கள் இருவரையும் கவனித்துவிட்டாள்.

"நாலு நிமிஷம்தாங்க. பூஜ்யம்னே போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனாள்.

மறுவாரமே போனில் அக்காவிடம் அழாத குறையாகக் கெஞ்சினேன். அவளும் சம்மதித்தாள். மாலதிதான் அனுப்ப மறுத்துவிட்டாள். "சும்மா இருக்கறவளுக்கு எதுக்குங்க ரெஸ்ட்டு?" என்றாள். ஆடி மாதம் அப்பா காலமாகிற வரைக்கும் அவளேதான் பார்த்தாள். என் கெட்டிக்காரத்தனத்தால் அவளுக்கு ஒரு நாள் ஓய்வுகூடக் கிடைக்காமல் போனது. வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

இப்போது குடும்பத்தில் இது பெரிய ஜோக். கல்யாணப் பந்தியில் யாராவது சீக்கிரம் எழுந்துவிட்டால், "எட்டு நிமிஷம் ஆகலையே, நீ சாப்பிட்டதே கணக்கில வராதுப்பா!" என்பார் அத்தான். எல்லோரும் சிரிப்போம். மாலதிதான் அதிகம் சிரிப்பாள்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். மாத்திரையும் வெந்நீரும் கொடுத்துவிட்டுத் திரும்பியவளிடம், "கொஞ்ச நேரம் உட்காரேன் மாலதி" என்றேன்.

"உட்கார்ந்தா யூனிட் ஆயிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.