தொனி பார்க்கும் ஜெயபாண்டி

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்: தொனி பார்ப்பவர். ஜோசியர் கட்டம் பார்ப்பதுபோல இவர் அரசாங்கக் கடிதத்தில் தொனி பார்ப்பார். எங்கள் ஆரப்பாளையத்துக்கு வாய்த்தவர் ஜெயபாண்டி. பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தாலும் வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ‘உடனடியாக’ என்பதில் கோபம் எவ்வளவு, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்பதில் பணிவு எவ்வளவு, முத்திரை சாய்ந்திருப்பதில் அலட்சியம் எவ்வளவு என்று அவர் பிரித்துச் சொல்லச் சொல்ல, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கூட்டம் வாயைப் பிளந்து நிற்கும். எழுதிய குமாஸ்தாவுக்கு இத்தனை உணர்ச்சி இருந்திருக்குமா? பாவம், அவர் போன வருடக் கடிதத்தைப் பார்த்து எழுதியவர்.

நிலைய வாசலில் ஆப்ப வண்டி போட்டிருக்கும் ஷாஹீதாவுக்கு ஒருநாள் காலையில் கடிதம் வந்தது. உறையைப் பிரிக்கவே பயந்து அப்படியே ஜெயபாண்டியிடம் நீட்டினார். வண்டி நிறுத்தும் இடம் பற்றி விசாரணையாம். இடம் போனால் பிழைப்பு போச்சு.

“எங்க, எப்பப் போகணும்னு மட்டும் சொல்லுங்கண்ணே.”

“இரு தங்கச்சி. ‘தாங்கள்’னு போட்டிருக்கான் பாரு. மிரட்டணும்னா இம்புட்டு மரியாதை குடுப்பானா? எழுதுனவன் நல்ல மனுசன்.”

“அது சரிண்ணே. தேதி?”

“தேதி எங்க ஓடிரப் போகுது? மொதல்ல தொனியப் பிடிக்கணும்.”

‘தவறும் பட்சத்தில்’ என்பது மிரட்டலா, அக்கறையா? கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வாதம் முடிந்து கடைசி வரிக்கு வந்தபோது, பக்கத்துக் கடையில் மத்தியானப் பரோட்டா போட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி வரியில் இருந்தது: விசாரணை அன்றைக்கே, காலை பதினொரு மணிக்கு. ஷாஹீதா ஆட்டோ பிடித்து ஓடினார். அதிகாரி கோப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

அடுத்த வாரம் இன்னொரு கடிதம். அனுமதி வருத்தத்துடன் ரத்து செய்யப்படுகிறது. ஜெயபாண்டியின் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா, ‘வருத்தத்துடன்’. நல்ல மனுசன்னு நான் அன்னைக்கே சொல்லல?”

“அவரு வருத்தத்த எங்கிட்டு வச்சு நான் ஆப்பம் ஊத்துறது, அண்ணே?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி வைகையில் எறிந்திருப்பேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: ஷாஹீதா நாளைக்கு வண்டியை எங்கே நிறுத்துவார் என்று கேட்கத் தோன்றியதா, அல்லது அந்த ‘வருத்தத்துடன்’ நிஜ வருத்தம்தானா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? யோசிக்கிறீர்கள் என்றால் வாருங்கள். டீக்கடை பெஞ்சில் ஜெயபாண்டிக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறது. அதை யாரும் ரத்து செய்ய மாட்டார்கள்.