பேரிக்காய் உரித்ததால் நின்ற பத்திரிகை

வீட்டுக்கு வரும் பத்திரிகைகள் அத்தனையையும் நிறுத்தியே தீருவது என்று, அமகாசாகி நகரத்தின் மீன்வடைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் குராமோச்சியாகிய நான், குளியல் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்தபடி சபதம் செய்தேன்.

வெளியே சொன்ன காரணம் சிக்கனம். உள்ளே இருந்த காரணம் பேரிக்காய்.

எங்கள் வீட்டுக்குக் காலைப் பத்திரிகை வருகிறது. மாலைப் பத்திரிகை வருகிறது. விளையாட்டுப் பத்திரிகை வருகிறது. நான் விளையாடிப் பல காலம் ஆகிறது. தோட்டக்கலை மாத இதழ் ஒன்றும் வருகிறது. இரண்டாம் மாடியில் குடியிருக்கும் எங்களுக்குத் தோட்டம் என்று இருப்பது ஜன்னலோரம் ஒரு ஜாடி வெங்காயத்தாள். இத்தனையையும் தெருக்கோடிப் பத்திரிகைக் கடைதான் போடுகிறது. அந்தக் கடையின் ஆள் மினெகிஷி மாதா மாதம் வந்து பணம் வாங்கிக்கொண்டு, மரியாதைக்கு ஒரு டப்பா சோப்புத் தூள் கொடுத்துவிட்டுப் போவான். அந்த டப்பாக்கள் அலமாரியை நிரப்பிவிட்டதால், பகலில் மடித்து அதற்குள் வைக்கவேண்டிய எங்கள் மெத்தைகள் வெளியே படுத்திருக்கின்றன.

போகட்டும், தூளைப் பொறுத்துக்கொள்வேன். ஆளைத்தான் பொறுக்க முடியவில்லை. நல்ல உயரம். தலை நிறைய முடி. என் மனைவி தோமியேயை "அக்கா" என்பான். என்னை மட்டும் "பெரியவரே" என்பான். எனக்கும் அவளுக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம்.

போன மாதம் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தபோதுதான் அந்தக் காட்சியைப் பார்த்தேன். மினெகிஷி வரும் நேரத்துக்குத் தோமியே உதட்டுச் சாயம் பூசிக்கொண்டாள். வாசலில் அவனை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, ஒரு பேரிக்காயைத் தோல் உரித்து, துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு குச்சி குத்திக் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பேரிக்காய் தோலோடுதான் வந்திருக்கிறது. தோலில்தான் சத்து என்று அவள் சொன்னதை நம்பியிருந்தேன். அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு கூடை மீன்வடை சுட்டிருக்கலாம்.

குளித்து முடித்து வந்து, இனி இந்த வீட்டில் பத்திரிகை கிடையாது என்று அறிவித்தேன். தோமியே துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நிறுத்துங்க. ஆனா நீங்கதான் சொல்லணும். என்னால அந்தத் தம்பி முகத்தைப் பாத்து வேண்டாம்னு சொல்ல முடியாது."

"ஏன் முடியாது?"

"நான் மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னப்போ குடை குடுத்த பிள்ளைங்க."

"குடை வேற குடுத்தானா?"

"நம்ம பூனை காணாமப் போனப்போ தேடிக் கொண்டாந்ததும் அவன்தான்."

பூனை தானாகத் திரும்பி வந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் வீட்டிலேயே எனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன நடந்ததோ என்று நினைக்க, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துபோனேன். மீன் வாடையோடு வீடு திரும்பும் ஒருவனை விட்டு, அச்சு மை மணக்கும் ஒருவனோடு அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

அடுத்த மாதம் அவன் வரும் சனிக்கிழமை லீவு போட்டேன். வாசல் மணி அடித்ததும் நானே கதவைத் திறந்தேன். தோமியே சமையலறைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் வேண்டாம் என்று சொல்வதில்லை. "யோசித்துப் பார்க்கிறேன்" என்போம். "கொஞ்சம் கஷ்டம்தான்" என்று பல்லிடுக்கில் காற்றை இழுப்போம். கேட்பவர் புரிந்துகொண்டு போய்விடுவார். ஆனால் பத்திரிகை போடுபவர்களிடம் அது பலிக்காது. யோசித்துப் பார்க்கிறேன் என்றால், யோசித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"வேண்டாம். எல்லாத்தையும் நிறுத்து."

மினெகிஷி சோப்பு டப்பாவைக் கீழே வைத்தான். "நான் என்ன குறை வெச்சேன் பெரியவரே?" என்றான்.

"அந்த 'பெரியவரே'தான் குறை. கிளம்பு."

அவன் இடுப்பு ஒடிய மூன்று முறை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனான். திரும்பிப் பார்த்தால், திரை இடுக்கில் தோமியே இடுப்பில் கட்டிய சமையல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருக்கிறாள். அழுகிறாள்! நான் செத்தாலும் இப்படிக் குலுங்க மாட்டாளே என்று நினைத்தபோது, ஜெயித்த சந்தோஷம் அப்படியே வற்றிவிட்டது. ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். அன்று ராத்திரி மெத்தையை அலமாரிக்குப் பக்கத்தில் போட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

குளிர்காலம் வந்தது. ஒரு நாள் கொஞ்சம் முன்னதாக வீடு திரும்பினேன். வாசலில் ஒரு ஜோடிப் புதுச் செருப்பு. உள்ளே மினெகிஷியைவிட உயரமாக, இன்னும் நிறைய முடியோடு ஒருவன். போட்டிப் பத்திரிகைக் கடையிலிருந்து வருவதாகவும், பெயர் உதகாவா என்றும், இந்த வீட்டில் பத்திரிகை நின்றுபோனது கேட்டு ஓடி வந்ததாகவும் சொன்னான். பக்கத்தில் பெரிய அட்டைப்பெட்டி. அவன் முன்னால் ஒரு தட்டில் ஆரஞ்சு. தோல் உரித்து, சுளை பிரித்து, சுளைமேல் இருக்கும் வெள்ளை நாரைக்கூட ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருந்தது.

அவன் போனதும் கத்தினேன். தோமியே நிதானமாகப் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே பளபளவென்று மின்சாரச் சோற்றுப் பானை, அவள் கடை ஜன்னலில் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அதே பானை.

"பழைய வாடிக்கை வீட்டுக்கு வெறும் சோப்புத் தூள்தாங்க குடுப்பாங்க. புதுசா சேர்ற வீட்டுக்குத்தான் இந்த மாதிரி பெருசா குடுப்பாங்க."

"அப்படின்னா நீயே அவனை நிறுத்தியிருக்க வேண்டியதுதானே?"

"குடை குடுத்த பிள்ளைகிட்ட என் வாயால எப்படிங்க சொல்றது? அதுக்கு ஒரு கோவக்காரப் புருஷன் வேணும். நீங்களோ பரம சாது."

"அப்ப அந்த உதட்டுச் சாயம்?"

"நீங்க வீட்ல இருந்தீங்கள்ல, அதான்."

"பேரிக்காய்?"

"அதுவுந்தான்."

"திரைக்குப் பின்னால அழுதியே?"

"யாரு அழுதா?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் அதே மாதிரி குலுங்கினாள். அப்போதுதான் பார்த்தேன், அது சிரிப்பு.

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது என்னவோ ஆறுதல். அவள் எங்கேயும் போகப்போவதில்லை. அந்த ஆறுதலில் தட்டில் மிச்சமிருந்த ஒரு சுளையை எடுக்கப் போனேன். தோமியே தட்டை நகர்த்தி, கூடையிலிருந்து ஒரு முழு ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இவங்க பத்திரிகை ஆறு மாசத்துக்குத்தான். அதுக்கப்புறம் நாம மறுபடியும் புது வீடு. மினெகிஷி தம்பி துணி துவைக்கிற மெஷினோட வர்றேன்னு இப்பவே சொல்லியனுப்பிட்டான். அதனால இந்த உதகாவாவைப் பாத்து நீங்க கொஞ்சம் கொஞ்சமாப் பொறாமைப்பட ஆரம்பிச்சுடுங்க."

தோல் உரிக்காத ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தேன்.